ஈட்டிக் கட்டையில் புகையிலை பைப் செதுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பெங்களூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள். அப்பா வைத்திருந்த பழைய புகையிலை பைப் உடைந்துவிட்டது. அதே மாதிரி ஒன்றைக் கையாலேயே செதுக்கிப் பார்க்க ஆசை. தாத்தா காலத்துக் கட்டிலிலிருந்து மிஞ்சிய ஈட்டிக் (ரோஸ்வுட்) கட்டை ஒன்றும், ஓர் உளி செட்டும், கை டிரில் ஒன்றும் இருக்கின்றன. இவை போதுமா, எந்த வடிவத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் “மரம் எரிந்துவிடாதா?” என்று ஒரு வரி. அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கருவியும் வடிவமும் அதற்குப் பதில் சொன்ன பிறகு வர வேண்டியவை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்வது என் தொழில். இரும்பையும் அலுமினியத்தையும் வார்ப்பதற்கு முன், அந்தப் பாகத்தை மரத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் செய்து தருகிற வேலை. பைப் செதுக்குவது அந்தக் கைப்பழக்கத்திலிருந்து வந்த ஈடுபாடு. பல வருடங்களாகச் செய்கிறேன். ஆகவே மரம், துளை, இணைப்பு பற்றி நான் சொல்வதை நம்பி வேலை செய்யலாம். ஆனால் நான் புகைப்பவன் இல்லை. ருசி, வாசனை பற்றி எழுதும் இடங்களில் பைப் வாங்கிக்கொண்டவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்; அவற்றை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் கருகத் தொடங்கும். கனிகிற புகையிலையின் தணல் அதைவிடச் சூடானது. அதனால் பைப்பின் உட்சுவர் கருகத்தான் செய்யும். கருகாத மர பைப் கிடையாது. அந்தக் கருகல் மெல்லிய கரிப் படலமாக உட்சுவரிலேயே நின்றுவிட வேண்டும். அடர்த்தியான மரமாக இருந்து, சுவர் போதிய தடிமனோடு இருந்து, புகைப்பவர் நிதானமாக இழுத்தால் அப்படித்தான் நிற்கும். நாளாக ஆக அந்தப் படலமே உள்ளே இருக்கும் மரத்துக்குக் காப்பாகிவிடும். அதை ஒரு மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டு, மிஞ்சியதைச் சுரண்டி எடுப்பார்கள். தடிமனாக வளர விட்டால் சூட்டில் அது விரிந்து, புகையிலை வைக்கும் கிண்ணத்தையே பிளந்துவிடும். மரம் மென்மையாக, நுண்துளை மிகுந்ததாக இருந்தாலோ, சுவர் ஓரிடத்தில் மெலிந்திருந்தாலோ, கருகல் அங்கே குழி தோண்டிக்கொண்டே போய் ஒரு நாள் வெளிப்பக்கத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். அதற்குப் பிறகு அந்த பைப்பைக் காப்பாற்ற வழியில்லை.

மரத்தின் பெருமையை மட்டும் நம்ப வேண்டியதில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்று ஒரு சிறு நகரம். அங்கே 1869 முதல் சோளக்கதிரின் சக்கையில் பைப் செய்கிறார்கள். தானியம் உதிர்த்த வெறும் சக்கை. அதை நன்கு உலர்த்தி, வெளிப்புறக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பி, கடைந்து எடுக்கிறார்கள். அதுவே நெருப்பைத் தாங்குகிறது. பொருள் சாதாரணமாக இருந்தாலும் சுவரும் துளையும் சரியாக இருந்தால் பைப் வேலை செய்யும்.

இருந்தாலும் ஒன்றரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் பைப்புக்கென்று நிலைத்த மரம் பிரையர்தான். எரிகா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடல் பகுதிப் புதர்ச்செடி அது. இத்தாலி, கிரீஸ், கார்சிகா, அல்ஜீரியா பக்கத்துக் குன்றுகளில் வளர்கிறது. அதன் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள், ஒரு முண்டு உருவாகும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்து போனாலும் இந்த முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். பைப்புக்கு எடுப்பது இந்த முண்டைத்தான். பல பத்தாண்டுகள் வளர்ந்த முண்டை வெட்டி, ஈரம் காயாமல் பாதுகாத்து, கட்டைகளாக அறுத்து, அரை நாளுக்கும் மேல் தண்ணீரில் கொதிக்க விட்டுச் சாறையும் துவர்ப்பையும் வெளியேற்றுவார்கள். பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், நிழலில் உலர்த்துவார்கள். பிரான்சின் ஜுரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் என்ற கடைசல் ஊர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் பைப்புக்குப் பேர் போன ஊராயிற்று. முண்டு என்பதால் நார் ஒரே திசையில் ஓடாது. சுருண்டு பின்னிக்கொண்டு இருக்கும். அதனால்தான் சூட்டில் எளிதில் பிளப்பதில்லை. நீண்ட உலர்த்தலால் ருசி மேம்படுகிறதா, எண்ணெயில் ஊறப்போடுவதால் ஏதும் நடக்கிறதா என்பதில் செய்பவர்களே ஒத்துப்போவதில்லை. அழகான ரேகை உள்ள கட்டை நன்றாகப் புகையும் என்பதும் அப்படித்தான். ரேகை கண்ணுக்கு விருந்து, விலையைக் கூட்டும். அதற்கு மேல் அதில் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இப்போது உங்கள் ஈட்டிக் கட்டைக்கு வருகிறேன். என் பதில்: அதில் கிண்ணம் செய்யாதீர்கள். ஈட்டியில் செய்த பைப்புகள் நம் நாட்டில் கைவினைக் கடைகளில் விற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஈட்டி, சீஷம், இவற்றோடு சேர்ந்த டால்பெர்ஜியா இன மரங்களில் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. பட்டறையில் ஈட்டித் தூள் பட்டு முழங்கை வரை தடித்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. யாருக்கு எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மரத்தைச் சூடாக்கி அதன் வழியே வரும் புகையை வாயில் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கட்டையில் பைப் சாய்த்து வைக்கும் ஸ்டாண்ட் செய்யுங்கள், அழகாக இருக்கும்; செய்யும்போது மட்டும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கும் வேண்டாம். பேட்டர்னுக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது, ஆனால் நெருப்புக்கு அது சொரசொரப்பான, எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம். சந்தனமும் அதன் எண்ணெய்க்காகவே கூடாது. பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளில் பசை இருக்கிறது, நினைக்கவே வேண்டாம். தெருவில் வெட்டிப் போட்ட கிளையை எடுத்துச் செதுக்கும் ஆசை ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும். நம் ஊரில் சாலை நடுவே வரிசையாக நிற்பது பெரும்பாலும் அரளி. அதன் புகைகூட நஞ்சு. சேங்கொட்டை மரத்தின் பால் பட்டாலே தோல் புண்ணாகும். பெயர் தெரியாத மரத்தைத் தொடாதீர்கள். மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் இருக்கும் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்துண்டைக் கொடுத்தால் என்ன இனம் என்று சொல்லும் வசதி உண்டு. சந்தேகம் இருந்தால் அங்கே கேட்டுவிடுங்கள்.

வெளிநாடுகளில் பிரையருக்கு மாற்றாக நிலைத்தவை பேரி, செர்ரி, ஆலிவ். போலந்தில் பேரி மரத்தில் செய்யும் பழக்கம் இன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக் கடல் சரக்கு நின்றபோது அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு மவுண்டன் லாரல், மான்சனீட்டா புதர்களின் முண்டுகளில் செய்தார்கள். நம் பக்கத்தில் கொய்யாவும் புளியும் அடர்த்தியான மரங்கள். இரண்டையும் செதுக்கியிருக்கிறேன், உளிக்கு நன்றாக ஈடு கொடுக்கின்றன. ஆனால் தினமும் நெருப்பு வைத்து வருடக்கணக்கில் புழங்கிய அனுபவம் பிரையருக்கு இருப்பதுபோல் இவற்றுக்கு இல்லை. பழகிப் பார்க்க எடுத்துக்கொள்ளலாம், யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பச்சைக் கொய்யா காயும்போது நிறைய வெடிக்கும். இரண்டு முனைகளிலும் மெழுகு பூசி, அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கில் நிழலில் காய விட வேண்டும்.

சரி, நெருப்பைத் தாங்கும் மரம் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் பைப் செய்வதே தொடங்குகிறது. வீடியோக்களில் செதுக்குவதைக் காட்டுகிறார்கள், அதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பைப் நல்லதா கெட்டதா என்பது செதுக்கத் தொடங்கும் முன்பே, துளை போடும்போதே முடிவாகிவிடுகிறது. மூன்று துளைகள். புகையிலை வைக்கும் கிண்ணத் துளை, விட்டம் 19 அல்லது 20 மில்லிமீட்டர், ஆழம் 40 வாக்கில். வாயில் வைக்கும் தனித் துண்டான வாய்க்குச்சியின் முளை நுழையும் குழி, 8 மில்லிமீட்டர் வாக்கில். அந்தக் குழியின் அடியிலிருந்து கிண்ணத்தின் அடிக்குப் போகும் காற்றுத் துளை, 3.5 முதல் 4 மில்லிமீட்டர். இந்தக் காற்றுத் துளை கிண்ணத்தின் அடித்தளத்தில், சரியாக நடுவில், தரையை ஒட்டித் திறக்க வேண்டும். மேலே ஏறித் திறந்தால் அடியில் உள்ள புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கி, இழுக்கும்போது களகளவென்று சத்தம் வரும். கீழே இறங்கினால் கிண்ணத்தின் தரையில் வாய்க்கால் வெட்டி, அந்த இடத்தை மெலிய வைத்துவிடும். பக்கவாட்டில் விலகினால் ஒரு பக்கம் மட்டும் எரியும்.

காற்றுத் துளை 60 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரில் 2 டிகிரி சாய்ந்தால் மறுமுனையில் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். 4 மில்லிமீட்டர் துளையில் அது பாதி. கையில் பிடித்த டிரில்லில் 2 டிகிரி சாய்வு யாருக்கும் தெரியாது. அதோடு, சுருண்ட நாரில் நீண்ட மெல்லிய பிட் தானாகவே எளிதான வழியைத் தேடி வளையும். அதனால்தான் கை டிரில் போதாது என்கிறேன். தூணில் பொருத்திய, நேராக இறங்கும் பில்லர் டிரில் வேண்டும். கட்டையின் பக்கங்கள் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும், அதை வைஸில் அசையாமல் பிடிக்க வேண்டும். பேட்டர்ன் வேலையில் முதலில் ஒரு முகத்தைச் சமதளமாக்கி, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுப்போம். இங்கேயும் அதே ஒழுங்குதான். கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைகளைப் போட்டு முடியுங்கள். வெளிவடிவத்தை வெட்டிய பிறகு நம்பிப் பிடிக்க ஒரு நேர்முகம்கூட மிஞ்சாது. பக்கவாட்டுத் தோற்றத்தைத் தாளில் முழு அளவில் வரைந்து, மையக்கோடுகளைக் கட்டையின் மீது மாற்றி, முதலில் முளைக் குழி, அப்புறம் காற்றுத் துளை, கடைசியில் கிண்ணம். கிண்ணத்துக்குத் தட்டை அலகுள்ள ஸ்பேட் பிட்டின் முனையை வட்டமாகச் சாணை பிடித்து வைத்துக்கொள்வோம். தட்டையான அடியைவிட உருண்ட அடியில்தான் புகையிலை கடைசி வரை எரியும். கிண்ணம் காற்றுத் துளையைத் தொட்டவுடன் நிறுத்துங்கள்.

இதனால் உங்களுக்கு என் ஆலோசனை: முதல் பைப்புக்கு, ஏற்கெனவே துளை போட்டு வாய்க்குச்சி பொருத்திய பிரையர் கட்டையை வாங்குங்கள். வெளிநாட்டு விற்பனையாளர்கள் ‘கிட்’ என்று விற்கிறார்கள். தபால் செலவோடு சுங்க வரியும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். அதில் துளைக்கும் பொருத்தத்துக்கும் கவலையில்லை, செதுக்குவது மட்டும் உங்கள் வேலை. ஒன்றைச் செதுக்கி முடித்தபின், சுவர் எங்கே மெலிகிறது, கிண்ணத்தையும் வாய்க்குச்சியையும் இணைக்கும் காம்பு எங்கே வலுவிழக்கிறது என்று விரல்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு துளையிடக் கற்பது எளிது.

முதல் பைப்பில் என்னென்ன நடக்கும் என்று சொல்கிறேன். ரம்பத்தால் மூலைகளை வெட்டி எடுத்துவிட்டு ராஸ்ப் அரத்தைப் பிடிப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் மரம் குறைகிற மாதிரியே தெரியாது. பிரையர் அவ்வளவு கெட்டி. கை வலிக்கும், அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், அரத்தின் பல் நாரைப் பிய்த்து ஆழமான கோடு போட்டுவிடும், அதை எடுக்கப் பின்னால் உப்புத்தாளோடு மாரடிக்க வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் வடிவம் சட்டென்று தெரிய ஆரம்பிக்கும். ஆபத்தான நேரம் அதுதான். உற்சாகத்தில் கை வேகமாகும், கிண்ணமும் காம்பும் சேரும் வளைவில் அதிகமாக இறங்கிவிடும். அந்த வளைவுக்கு நேர் உள்ளேதான் கிண்ணத்தின் அடியும் காற்றுத் துளையும் இருக்கின்றன. வெர்னியர் அளவுகோலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடிக்கடி அளந்து பாருங்கள். சுவர் எங்கும் 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அடித்தளம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

இன்னொன்றும் நடக்கும். பாதி வேலையில் மரத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொத்தல் வெளிப்படும். முண்டு வளரும்போது மண்ணும் கல்லும் சிக்கிய இடம் அது. அதிகமாக இறக்கினால் மறையும் என்று துரத்திக்கொண்டே போகாதீர்கள். சில பொத்தல் மறையும், சில பெரிதாகும். பெரிய தயாரிப்பாளர்கள் மலிவான பைப்புகளில் அதைப் பட்டி வைத்து அடைத்து விடுவார்கள். அந்த இடத்தைச் சேர்த்து மேற்பரப்பில் கரடுமுரடான செதுக்கல் வேலை செய்வது எனக்குப் பிடித்த வழி.

வடிவம்: நேர் கிண்ணமும் நேர் காம்பும் கொண்ட ‘பில்லியர்ட்’ எளிதாகத் தோன்றும், ஆனால் அதில் அரை மில்லிமீட்டர் கோணலும் கண்ணில் அறையும். உருண்டையான ‘ஆப்பிள்’ வடிவம் தொடக்கத்துக்கு நல்லது. சுவருக்குத் தடிமனும் கிடைக்கும். காம்பைத் தேய்க்கும்போது வாய்க்குச்சியைக் கழற்றாமல் இரண்டையும் சேர்த்தே தேயுங்கள். தனித்தனியாகத் தேய்த்தால் சேரும் இடத்தில் விளிம்பு உருண்டு, இருட்டில் தடவினால்கூடத் தெரியும் ஒரு படி வந்துவிடும். உப்புத்தாள் 80இல் தொடங்கி 150, 220, 320, 400 என்று போங்கள், ஒன்றையும் தாண்டாதீர்கள். நடுவில் ஈரத்துணியால் துடைத்தால் நார் எழும்பும், காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிடலாம்.

மெருகு விஷயத்தில் நம் ஊர் வழக்கம் காலை வாரிவிடும். தச்சர்கள் மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷைத்தான் பரிந்துரைப்பார்கள். சூட்டில் அது கொப்பளித்து உரியும். இங்கிருந்து 60 கிலோமீட்டரில் இருக்கும் சன்னபட்டணத்தில் ஆலே (வெட்பாலை) மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணம் ஏற்றுகிறார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் பைப்புக்கும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் உராய்வுச் சூட்டிலேயே இளகி ஒட்டுகிற பொருள் அது, எரிகிற கிண்ணத்தின் மேல் நிற்காது. ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், அதன் மேல் கார்னௌபா என்ற பனையிலை மெழுகு, அவ்வளவே போதும். உட்புறத்தில் சாயமும் மெழுகும் படவே கூடாது. புதுக் கிண்ணத்தின் உள்ளே ஆக்டிவேட்டட் கரித்தூளை மோரில் குழைத்துப் பூசுவோரும் உண்டு, சோடியம் சிலிகேட்டில் குழைப்போரும் உண்டு. பின்னதை ஃபவுண்டரியில் மணல் அச்சு இறுக நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். நெருப்பை அது தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் ருசி பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் இருப்பதால் நான் மோருக்கு மாறிவிட்டேன். பூச்சே தேவையில்லை, மரமே பழகிக்கொள்ளும் என்கிற கட்சியும் வலுவானதுதான்.

பால்கனியில் செய்யலாம். சத்தம் அதிகம் வராது, தூள் வரும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோய். எங்கள் தொழிலில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகமூடி போடுங்கள். குழந்தைகள் இருந்தால் ஈரத்துணியால் துடைத்த பிறகே கதவைத் திறங்கள். புகையிலையும் அதே முகமையின் அதே முதல் பட்டியலில்தான் இருக்கிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டால் பரவாயில்லை என்று பைப் பிடிப்பவர்கள் சொல்வார்கள். உதடு, வாய், தொண்டைக்கு அது பொருந்தாது. அப்பாவின் நினைவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் பற்றவைக்காமல் வைத்திருந்தாலும் செதுக்கிய வேலை குறையப் போவதில்லை.

வாய்க்குச்சி பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு, ஏனென்றால் அதை நான் தயார் நிலையிலேயே வாங்குகிறேன். எபோனைட் என்ற கெட்டி ரப்பர் என்றால் பல்லுக்கு மென்மை, ஆனால் வெயிலில் பழுப்பாகும். அக்ரிலிக் நிறம் மாறாது, கடிக்கக் கடினம். உங்கள் அப்பாவின் பைப்பில் கிண்ணம்தான் உடைந்தது, வாய்க்குச்சி முழுதாக இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்தலாம். அப்போது கட்டையில் குழியை அந்த முளையின் அளவுக்கு ஏற்பப் போட வேண்டும், அதாவது கிட் சரிப்படாது, துளை போடாத கட்டையும் பில்லர் டிரில்லும் வேண்டும். பீன்யாவில் சிறு பட்டறைகளில் கேட்டால் வாடகைக்குத் துளை போட்டுத் தருவார்கள். மையக்கோடு போட்ட வரைபடத்தைக் கையில் கொண்டு போங்கள், வாயால் விளக்காதீர்கள். முளை கையால் திருகினால் இறுக்கமாக நுழைய வேண்டும், தட்டி நுழைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கி இன்னும் இறுகும், அதற்கு மயிரிழை இடம் விடுங்கள். பைப் சூடாக இருக்கும்போது வாய்க்குச்சியைக் கழற்றினால் காம்பு வெடிக்கும் என்பதையும் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.